கொட்டாய்க்குப் போன குஞ்சுகள்

ஏரியெல்லாம் வாய் பிளந்து கிடந்த வருஷம் அது. தொண்ணூறுகள் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். திருமுல்லைவாயில், அம்பத்தூர் பக்கத்துப் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பி வந்தாலும் குடம் வைத்த இடத்திலேயே இருக்கும். லாரி வந்திருக்காது. குத்தம்பாக்கத்துக்கு அந்தக் கதி வரவில்லை. கழனிப் பக்கம் பம்புசெட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது; போய் நின்றால் இரண்டு குடம் பிடித்து வரலாம். தனக்கு வராத கஷ்டத்தை யார் பேசுவார்கள்? ஊரில் தண்ணீரைப் பற்றி ஓயாமல் பேசினவள் வேம்புலியம்மாள் ஒருத்திதான். அவள் ஒரே மகள் நாகவல்லியைக் கட்டிக்கொடுத்திருந்தது திருமுல்லைவாயிலில்.

நாகவல்லிக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று தரித்த சுவடே தெரியாமல் போயிற்று. இன்னொன்று ஐந்தாம் மாதத்தில், லாரிக் குழாயில் முண்டியடித்து, நிறைகுடத்தை இடுப்புக்கு ஏற்றின அன்றைக்குப் போயிற்று. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மாள், "ஒரு கொடம் தண்ணி தூக்கக்கூட தெம்பில்லாத பொண்ணு" என்று யாரிடமோ சொன்னதை வேம்புலியம்மாள் தன் காதால் கேட்டாள். அந்தச் சொல் இன்னும் அவளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. ஒன்பதில் வளைகாப்பு. வளையல் அடுக்கி, கையோடு பெண்ணைக் குத்தம்பாக்கத்துக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அதுவரைக்கும் அந்த வயிறு நல்லபடியாக நிற்க வேண்டும். வேம்புலியம்மாளுக்கு உலகத்தில் வேறு வேண்டுதல் கிடையாது.

கோழிக்குஞ்சுகள் வந்ததே அதற்காகத்தான். பூந்தமல்லி உஸ்மான் கனி பாய், அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை டி.வி.எஸ். வண்டியில் கட்டிவந்து ஊர் ஊராக விற்பார். இரண்டு பெட்டி வாங்கினாள். சேவலாக வந்ததெல்லாம் பொன்னியம்மனுக்கும் விருந்துக்கும். பெட்டையாக வந்ததெல்லாம் பிள்ளை பெற்றவளுக்கு முட்டைக்கும் சாறுக்கும். ஒவ்வொரு குஞ்சும் நாகவல்லி பேரில்தான் தீனி தின்றது.

குஞ்சு வளர்க்கிற வேலை அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமான புதிதில் பூந்தமல்லி தாண்டி ஒரு கோழிப் பண்ணையில் கூலிக்குப் போனவள். தகரத்தை வட்டமாக வளைத்து, கீழே உமி பரப்பி, நடுவில் பல்பைத் தொங்கவிடுவாள். அந்த வட்டத்துக்கு உஸ்மான் கனி பாய் புரூடர் என்று பெயர் சொல்வார். தாய்க்கோழியின் இறக்கைச் சூட்டை அந்தப் பல்பு கொடுக்க வேண்டும். குளிர்ந்தால் குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவியும். சூடு மிஞ்சினால் தகரத்தை ஒட்டிக்கொண்டு வாயைப் பிளக்கும். வேம்புலியம்மாள் பல்பைப் பார்க்க மாட்டாள், குஞ்சையும் பார்க்க மாட்டாள். உள்ளே உள்ளங்கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். பிறகு கயிற்றை ஒரு விரற்கடை ஏற்றுவாள், அல்லது இறக்குவாள். அவ்வளவுதான் கணக்கு.

இப்போது குஞ்சுகளுக்கு மயிர் உதிர்ந்து இறகு வந்துவிட்டது. வட்டம் கொள்ளவில்லை.

"இன்னாய்யா, எப்பத்தான் முடிப்ப?" என்றாள் புருஷனிடம். "குஞ்செல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிகினு கீது. இன்னும் உள்ள வச்சா ஒன்ன ஒன்னு கொத்திப் போட்டுரும்."

"பறந்தா ஆவுமா? கதவு ஒன்னுதான் பாக்கி" என்றான் பரந்தாமன். அம்பத்தூரை ஒட்டின பாடியில் ஒரு கிடங்கில் லோடு ஏற்றுகிறவன். வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. வளைந்த ஆங்கிள், அறுந்த கம்பிவலை, பெட்டிப் பலகை, ஓரம் உடைந்த ஷீட்டு என்று அம்பத்தூர் எஸ்டேட் வேண்டாம் என்று எறிந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, வீட்டுக்குப் பின்னால் கோழிக் கொட்டாயாக எழுந்து நின்றது. அதற்கு ஏற்ற பெருமையும் அவனிடம் இருந்தது. "வெள்ளிக்கெயம நல்ல நாளு. காத்தால குஞ்ச ஏத்திடு. அன்னிக்கே நாகுவுக்கு டிரம்மையும் அனுப்பிடறேன். ரெண்டு காரியமும் ஒரே நல்ல நாள்ல முடிஞ்சிரும்."

வேலி ஓரம் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்த முனியம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை. பக்கத்து வீட்டுக்காரி. நல்லதுக்கு வருகிறாளோ இல்லையோ, கெட்டதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவாள்.

"நானும் பாத்துகினேதான் கீறேன்" என்றாள். "பொண்ணு மாசமா கீறப்ப ஊட்டுல ஒரு ஆணி அடிப்பாங்களா? நீங்க இன்னாடான்னா கடக்கால் நோண்டி கொட்டாயே போட்டுட்டீங்க."

"பொண்ணு அவ மாமியா ஊட்டுல கீறாக்கா. இது எங்கூடு" என்றாள் வேம்புலியம்மாள்.

"வயித்துக்குத் தெரியுமா எந்தூடுன்னு? எங்க நாத்தனா ஊட்ல சுவரு வச்சாங்க. புள்ள ஒதடு பொளந்து பொறந்துச்சு."

"யக்கா, காத்தால வேற பேச்சு இல்லியா ஒனக்கு?" என்று பரந்தாமன் கத்தினான். முனியம்மா புடவையை உதறிவிட்டு உள்ளே போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் எது நடந்தாலும் அவள் பேர் கெடாது.

வேம்புலியம்மாள் அதைச் சட்டை செய்யாத மாதிரி முறத்தில் நொய்யைப் புடைத்தாள். மனசுக்குள் மட்டும் பொன்னியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

டிரம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் மகளுக்குப் பவுன் போட்ட அப்பனைவிட, டிரம் வாங்கிக் கொடுத்த அப்பனுக்குத்தான் சம்பந்தி வீட்டில் மரியாதை. மூடி போட்ட ஒரு நீல டிரம் வாசலில் இருந்தால், லாரி வருகிற அன்றைக்கே நிரப்பி வைத்துக்கொள்ளலாம். மகள் தினம் தினம் குடம் தூக்க வேண்டாம். இரண்டாவது பிள்ளை போனதிலிருந்தே பரந்தாமனுக்கு அந்த ஆசை. பாடியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரே மாதிரி இரண்டு டிரம் கிடைத்தன. லாரி டிரைவரைத் தாஜா பண்ணி ஏற்றிவந்தான்.

மூடியைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. மண்ணெண்ணெய் இல்லை, பூண்டும் இல்லை. இரண்டையும் சேர்த்து அரைத்த மாதிரி.

"இன்னாய்யா இது, இப்படி நாறுது?"

"பேக்டரி டிரம்மு பின்ன பன்னீராட்டம் மணக்குமா? பட்டணத்துல எல்லார் ஊட்லயும் இத்தான். நல்லா தேச்சிக் கயுவு, போயிடும்."

அவள் கழுவினாள். கழுவினாள் என்றால், ஊரே பார்க்கக் கழுவினாள். புளியைப் போட்டுத் தேய்த்தாள், சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள், சோப்புத் தூளில் ஊறவைத்தாள், கொதிக்கிற வெந்நீர் ஊற்றினாள், கடைசியில் வேப்பிலையும் மஞ்சளும் கரைத்து இரண்டு நாள் நிறுத்தினாள். வாடை போய்விட்டது. ஒரு டிரம்மின் வெளிப்பக்கத்தில் ஏதோ காகிதம் ஒட்டிக் கிழிந்த தடம் இருந்தது. சாய்ந்த கட்டமாக ஒரு சிவப்பு, பாதிதான் மிச்சம். சீர் கொடுக்கிற சாமானில் அழுக்கு இருக்கலாமா? தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்து அதையும் சுரண்டி எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில், சுரண்டின அதே இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். டிரம்முக்குள் ஒரு கட்டு வெட்டிவேரும், முறுக்கும், பச்சைப்பயறும் வைத்து, ஆவடி போகிற டெம்போவில் பரந்தாமன் ஏற்றிவிட்டான்.

இன்னொரு டிரம்மை அவன் ஏற்கெனவே நீளவாக்கில் இரண்டாக அறுத்திருந்தான். கொட்டாயில் இரண்டு பக்கமும் படுக்கவைத்தால் நல்ல தண்ணீர்த் தொட்டி. குஞ்சுகள் அடித்துக்கொள்ளாமல் வரிசையாக நின்று குடிக்கலாம்.

டெம்போ போன கையோடு குஞ்சு மாற்றுகிற வேலை தொடங்கிற்று. அதைக் காலையிலேயே செய்துவிட வேண்டும். இருட்டுகிறதற்குள் தீனி எங்கே, தண்ணீர் எங்கே, மூலை எங்கே என்று குஞ்சுகள் பார்த்துப் பழகவேண்டும். இல்லாவிட்டால் பயந்து ஒரு மூலையில் போய்க் குவியும். மேலே இருப்பது பிழைக்கும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். பண்ணையில் அப்படிச் செத்ததைக் கூடை கூடையாக அள்ளினவள் அவள். அதனால் கொட்டாயின் நாலு மூலையிலும் பழைய பாயைச் சுருட்டி நிறுத்தி, மூலையே இல்லாமல் உருட்டிவிட்டாள். புது உமியின் மேல், புரூடரில் இருந்த பழைய உமியையும் இரண்டு முறம் அள்ளி இறைத்தாள். பழகின வாசனை இருந்தால் குஞ்சுகள் இது நம் இடம் என்று அடங்கும். கொட்டாயிலும் ஒரு பல்பை மாட்டச் சொன்னாள்.

"கோயிக்கு இவ்ளோ உபச்சாரமா? நான் மாப்ளயா வந்தப்ப எனக்குப் பாயி கூடப் போடல ஒங்கம்மா" என்றான் பரந்தாமன்.

"நீ மூலையில போயி குமிஞ்சிகினியா?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் வெகுநாள் சிரிப்பு இல்லை.

ஈரச் சாக்கு மூடின கூடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு குஞ்சையும் இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்து, தொட்டியில் அலகை ஒருமுறை முக்கி எடுத்து, பிறகுதான் கீழே விட்டாள். அலகை முக்கினால்தான் அதற்குத் தண்ணீர் இருக்கிற இடம் தெரியும். குஞ்சு தலையைத் தூக்கி, தொண்டை அசைய விழுங்கி, இன்னொரு தடவை தானாகக் குனியும். குனிந்ததும் அவளுக்கு ஒரு நிறைவு. இறகு சரியாக வராத நோஞ்சான்கள் மூன்றை மட்டும், அடிபட்டுச் சாகும் என்று புரூடரிலேயே நிறுத்தி, பழைய மண்சட்டியில் தண்ணீர் வைத்தாள்.

வெயில் ஏறியபோது தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. விரலை முகர்ந்தாள். பூண்டு வாசனை. காலையில் காரக் குழம்புக்கு ஒரு கை பூண்டு உரித்திருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் நன்றாகத்தான் அடங்கின. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது இரண்டு செத்துக் கிடந்தன. இடம் மாறினால் ஒன்றிரண்டு போவது வழக்கம்தான். ஆனால் நின்றவையும் சரியாக நிற்கவில்லை. குடித்தவன் மாதிரி கால் பின்னிப் பின்னி நடந்தன. சிலதுக்கு அலகோரம் எச்சில் நூலாக வடிந்தது. கழுத்தைத் திருகிக்கொண்டு மல்லாந்து உதைத்துக்கொண்டது ஒன்று. அவள் அதை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மடியிலேயே அடங்கிவிட்டது.

"தாகத்துல கீதுங்க போலகீது" என்று சொல்லி, தொட்டியை மேலும் நிரப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டாயில் பாதிக்கு மேல் படுத்துவிட்டது. பரந்தாமன் பின்பக்கம் குழி தோண்டினான். முனியம்மா வேலிக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டாள்.

"நான் சொன்னா சண்டக்காரி. இப்ப பாரு. யாரு பேருல வளத்த? அவ பேருல வளத்த. இது கோயி சாவறது இல்லமே, அம்மா ஒனக்கு முன்னாடியே காட்டுறா. போயி கொட்டாய இடிச்சிப் போட்டுட்டு அந்தப் பொண்ணுக்கு மந்திரிச்சி ஒரு கயிறு கட்டு."

"கோயி உசுரு வேற, எம் பொண்ணு வயிறு வேற!" வேம்புலியம்மாளுக்குத் தொண்டை கிழிந்தது. "ரெண்டுத்தயும் ஒன்னா சேத்துப் பேசாத! இன்னொருவாட்டி பேசின, பாத்துக்க!"

அப்படிக் கத்தின கையோடு, போன மாதம் பார்க்கப் போனபோது நாகவல்லி அவள் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, "கூடைக்குள்ள குஞ்சு போட்ட மாரி கீதும்மா, சும்மாவே இருக்கமாட்டங்குது" என்று சிரித்தது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் ஏன் இப்போது வரவேண்டும் என்று ஆத்திரப்பட்டாள்.

பரந்தாமன் ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்த உஸ்மான் கனி பாய் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். செத்த குஞ்சு ஒன்றை எடுத்து, பின்பக்கம் பார்த்தார், அலகைப் பிரித்துப் பார்த்தார்.

"வெள்ளக் கழிச்சல் இல்லம்மா இது. சொட்டு மருந்து நானே என் கையால உட்டேன். அம்மையும் இல்ல. தீனி எங்க வாங்கினீங்க?"

"ஒங்ககிட்ட வாங்கினதுதான் பாய். அதே மூட்ட. அந்த மூணு நோஞ்சானும் அதத்தான் தின்னுது."

"எந்த மூணு?"

புரூடரைக் காட்டினாள். மூன்று நோஞ்சான்களும் தகரத்துக்குள் கீச்சுக் கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. சாக வேண்டும் என்றால் முதலில் சாக வேண்டியவை அவைதான். பாய் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

அப்போது கொட்டாய் வாசல் பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது. வெயிலுக்குத் தண்ணீர் தேடி வந்த காக்கை ஒன்று, திறந்திருந்த கதவு வழியே உள்ளே போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குடித்திருக்கிறது. பறக்கப் பார்த்து, பறக்க முடியாமல், உமிமேல் ஒரு பக்கமாக விழுந்து சிறகை அடித்துக்கொண்டது. அலகோரம் எச்சில் வடிந்தது.

வேம்புலியம்மாள் காக்கையைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். தொட்டியில் கையை விட்டு முகர்ந்தாள். அன்றைக்கு அவள் பூண்டு உரிக்கவில்லை. சாவு வீடு மாதிரி கிடந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

"யோவ்" என்றாள். மறுபடியும் கூப்பிட்டாள். "யோவ்! இந்த டிரம்முல முன்னாடி இன்னா இருந்துச்சின்னு கேட்டியா அந்தக் கடக்காரன?"

பரந்தாமன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தான். "எந்த டிரம்மு?"

"இது. தண்ணி வச்சது."

"இன்னாத்தக் கேக்கறது? பயைய டிரம்மு குடுன்னு கேட்டேன், குடுத்தான். நீதான கயுவின?"

"ரெண்டும் ஒன்னாத்தான இருந்துச்சி?"

"ஒன்னாத்தான் இருந்துச்சி. ஒரே..."

பரந்தாமன் மண்வெட்டியைப் பிடித்தபடியே குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"பாய், ஒரு கட்டம் மாரி, செவப்பா, சாஞ்சாப்ல ஒட்டியிருந்தா இன்னா அது?" என்று கேட்டாள்.

உஸ்மான் கனியின் முகம் மாறிற்று. "பயிருக்கு அடிக்கிற மருந்து டப்பாவுல அப்படித்தான் போட்டிருப்பான். செவப்புன்னா ரொம்பக் கொடிய மருந்து. பிளாஸ்டிக்கு அதைக் குடிச்சி வச்சிக்கும், வெயில் பட்டா திரும்பக் கக்கும்னு கடைக்காரங்க சொல்லக் கேட்டிருக்கேன். ஏம்மா? எங்க பார்த்தீங்க?"

அதைச் சுரண்டி எடுத்தது அவள் கை. அந்த இடத்தில் குங்குமம் வைத்ததும் அவள் கை.

திருமுல்லைவாயில் சந்தில் போன் இருந்தது மளிகைக் கடையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும். கட்டின புடவையோடு, உமி ஒட்டின காலோடு, பாயின் டி.வி.எஸ்.ஸில் பின்னால் ஏறினாள். அந்நிய ஆம்பிளையின் வண்டியில் அவள் ஏறுவதை ஊர் பார்த்தது. முனியம்மாகூட வாயைத் திறக்கவில்லை. பரந்தாமன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்க்க ஓடினான்.

பூந்தமல்லி தாண்டி ஆவடி ரோட்டில் அனல் அடித்தது. பாய் வண்டியை முறுக்கின முறுக்கில் அது அழுதது. "ஒன்னும் ஆவாதும்மா. பெரிய உடம்பு, குஞ்சு உடம்பு இல்ல. ரெண்டு நாள்தான ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவள் காதில் அது விழுந்ததா தெரியாது. சம்பந்தி வீட்டில் லாரி வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இத்தனை மாதமாக மகளுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று வேண்டினவள், இன்றைக்கு அந்தத் தெருவுக்கே ஒரு சொட்டுக் கிடைத்திருக்கக் கூடாது என்று பொன்னியம்மனைக் கெஞ்சினாள்.

சந்து முனையில் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. வாசலில் டிரம் இருந்தது. வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது.

நாகவல்லி உள்ளேயிருந்து வந்தாள். வயிறு முன்னால் வர, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அம்மாவைக் கண்டதும் சிரித்தாள்.

"வாம்மா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? இன்னாம்மா இப்படி வேர்த்துக் கொட்டுது? இரு, மொதல்ல தண்ணி குடி."

டிரம்மின் மூடியைத் தூக்கி, தம்ளரை முக்கி எடுத்து நீட்டினாள். வேம்புலியம்மாள் அதைத் தட்டிவிட்டாள். தம்ளர் சந்தில் உருண்டு ஓடிற்று.

"இத நீ குடிச்சியா?"

"ஏம்மா? வெள்ளிக்கெயம சாங்காலமே லாரி வந்துச்சி. அவரே ரொப்பிக் குடுத்தாரு. லேசா பூண்டு வாசன வந்துச்சின்னு அத்த வெட்டிவேரப் போட்டாங்க. நைனா குடுத்த டிரம்முன்னு நான் இதுலதான் குடிக்கிறேன், மத்தவங்களுக்குப் பானையில..."

மீதியை வேம்புலியம்மாள் கேட்கவில்லை. டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. உஸ்மான் கனி வந்து தோள் கொடுத்தார். டிரம் சாய்ந்தது. தண்ணீர் படியில் குதித்து, சந்து முழுக்க ஓடிற்று.

அந்த வருஷத்தில் அப்படி ஒரு காரியத்தை யாரும் பார்த்ததில்லை. "ஐயையோ, தண்ணி! தண்ணி!" என்று எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. பெண்கள் குடத்தோடும் சட்டியோடும் ஓடிவந்து, பள்ளத்தில் தேங்கினதை மொள்ளத் தொடங்கினார்கள். "இன்னா அநியாயம் இது! பைத்தியமா புட்ச்சிகீது?" என்று சம்பந்தியம்மாள் வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்கம்மா! வெசம்! ஐயோ, வெசம்மா அது!" வேம்புலியம்மாள் ஒவ்வொரு குடமாகப் பிடுங்கிக் கவிழ்த்தாள். ஒருத்தி அவளைத் தள்ளிவிட்டாள். அவள் சேற்றில் விழுந்து, விழுந்தபடியே அந்தக் குடத்தையும் காலால் உதைத்தாள். "எம் பொண்ணு மேல சத்தியமா வெசம்மா!"

அந்தச் சத்தியத்தில் சந்து அப்படியே நின்றுவிட்டது.

நாகவல்லி வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். "வெசமா?" என்றாள். "அதான் ரெண்டு நாளா தல சுத்திகினு, வாயெல்லாம் எச்சியா ஊறுதாம்மா? மசக்க திரும்பி வந்துகீதுன்னு அத்த சொன்னாங்க." அவள் கை வயிற்றுக்குப் போயிற்று. "அம்மா... காத்தாலேர்ந்து இது அசையல. தூங்குதுன்னு நெனச்சிகினேன்."

சம்பந்தியம்மாளே ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தாள். நடுவில் நாகவல்லி, இரண்டு பக்கமும் இரண்டு தாய்மார்கள். பாய் வண்டி பின்னால் வந்தது. ஆட்டோ திரும்பும்போது டிரம் சந்தின் நடுவில் கிடந்தது, குங்குமப் பொட்டு மேலே பார்க்க. ஒருவரும் அதைத் தொடவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோக்காரர் இறங்கிப்போய்க் கேட்காரரிடம் கத்தினார். சிக்னல் விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் கையை விரித்தார்.

வேம்புலியம்மாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். புரூடருக்குள் விட்டுச் சூடு பார்க்கிற அதே கை. ஒரே பதமாக, அழுத்தாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வயிறு சூடாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்ஸ் வண்டி வந்தது. நீளமான வண்டி. ஒவ்வொரு பெட்டியும் கடக்கக் கடக்கத் தரை அதிர்ந்தது, ஆட்டோ அதிர்ந்தது, சீட்டு அதிர்ந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியிலும் ஏதோ அதிர்ந்தது.

நாகவல்லி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அசையுதாம்மா? அம்மா, அசையுதா?"

"இருமா" என்றாள் வேம்புலியம்மாள். "வண்டி போயிடட்டும்."